மரத்தில் எழுந்த மெய்ப்பாடு: சிற்பி இக்னாஸ் குந்தரின் கலை

அணி மிகுந்த இடத்தில் பொருள் மெலிந்திருக்கும் என்று கருதுவது திறனாய்வாளர் பலருக்கு இயல்பாகிவிட்டது. செய்யுளில் உவமையும் உருவகமும் அடுக்கடுக்காக வருமாயின், சொல்லுதற்கு ஒன்றும் இல்லாதவன் சொல்லுக்கு நகை பூட்டுகின்றான் என்று ஐயுறுவது வழக்கம். பல நேரங்களில் அவ்வையம் பொருத்தமானதே. ஆயினும், எல்லா இடத்தும் அது பொருந்துமா? அணியே உணர்ச்சியைத் தாங்கி நிற்கும் கலை ஒன்று இருத்தல் கூடாதா? இவ்வினாக்களை எழுப்பிப் பார்ப்பதற்குப் பதினெட்டாம் நூற்றாண்டில் பவேரியாவில் வாழ்ந்த மரச்சிற்பி இக்னாஸ் குந்தரின் வாழ்வும் படைப்பும் மிகவும் ஏற்றவை.

குந்தரின் காலத்துக் கலையை 'ரொக்கோக்கோ' என்பர். பிரெஞ்சு நாட்டில் பதினான்காம் லூயி மன்னன் 1715இல் மறைந்த பின்னர், பிரபுக்களின் மாளிகை அறைகளில் வளர்ந்த அலங்காரப் பாணி அது. சிப்பி போன்ற வளைவுகள், ஒருபுறம் சாய்ந்த கொடிகள், வெண்மையும் பொன்னும் கலந்த சுவர்கள் ஆகியவை அதன் அடையாளங்கள். பிரெஞ்சு நாட்டில் அது பெரும்பாலும் மாளிகைக் கூடங்களோடு நின்றது. தென்ஜெர்மனியிலோ அது தேவாலயத்திற்குள் நுழைந்தது. துறவியர் மடங்களுக்கும் உழவர் வாழும் சிற்றூர்க் கோவில்களுக்கும் சென்றது. கேளிக்கைக்கென்று பிறந்த பாணி வழிபாட்டுக்கு வந்து சேர்ந்தமையே இங்குள்ள புதுமை. வந்து சேர்ந்த இடத்தில் அது தன்னை மாற்றிக்கொண்டதா, இல்லை வழிபாட்டைக் கேளிக்கையாக்கிவிட்டதா? அக்காலத்துச் சிற்பி ஒவ்வொருவரும் தம் உளியால் விடை கூற வேண்டியிருந்த வினா இது.

குந்தர் 1725 நவம்பர் 22ஆம் நாள் பவேரியாவில் ஆல்ட்மன்ஸ்டைன் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை தச்சர், மரவேலையின் முதற்பாடம் தந்தையின் பட்டறையிலேயே கிடைத்தது. பதினெட்டாம் வயதில், 1743இல், மூனிக் நகருக்குச் சென்று அரசவைச் சிற்பி யோகான் பாப்டிஸ்ட் ஸ்ட்ராப் என்பாரிடம் மாணாக்கராக அமர்ந்தார். அங்கே ஏழாண்டுகள் பயின்றார். பின்னர் அக்கால வழக்கப்படி ஊர் ஊராகச் சென்று தொழில் கற்கும் பயணத்தை மேற்கொண்டார். சால்ஸ்பர்க், மன்ஹைம், ஓல்மியூட்ஸ் முதலிய நகரங்களில் தங்கினார். மன்ஹைமில் முதுசிற்பி பவுல் எகெல் என்பாரிடம் பணியாற்றிய காலம் குறுகியது; எகெல் 1752இல் இறந்துவிட்டார். ஆயினும், குந்தரின் பிற்காலப் படைப்புகளில் காணப்படும் மென்மையான துயரச் சாயலுக்கு வித்து அங்கே ஊன்றப்பட்டது என்று கருத இடமுண்டு. 1753இல் வியன்னா கலைக்கழகத்தில் சேர்ந்து சிற்பத்திற்குப் பரிசும் பெற்றார். ஸ்ட்ராப் தந்தது ஒழுங்கும் அடக்கமும். எகெல் தந்தது உள்ளக் கொதிப்பு. வியன்னா தந்தது உடற்கூற்று அறிவு. ஓர் ஆசிரியரிடமே தங்கிவிட்டிருந்தால் குந்தர் நல்ல கைவினைஞராக முடிந்திருப்பார்.

1754இல் மூனிக் திரும்பிய குந்தர், பவேரியக் கோமகன் மூன்றாம் மாக்ஸ் யோசேப்புக்கு விண்ணப்பம் ஒன்று விடுத்தார். நகரத்தில் பட்டறை வைத்து நடத்த வேண்டுமாயின் கைவினைஞர் சங்கத்தின் உரிமை வேண்டும். அவ்வுரிமை எளிதில் கிட்டுவதன்று. சங்கத்தின் கட்டுப்பாட்டிலிருந்து விலக்களித்து, அரசவையின் பாதுகாப்பில் தொழில் செய்ய இசைவு தருமாறு அவர் வேண்டினார். வேண்டியவாறே இசைவு கிடைத்தது. இவ்விசைவு பெற்றவருக்கு அரசின் மாதச் சம்பளம் கிடையாது. தொழில் செய்யும் உரிமை மட்டுமே உண்டு. ஆதலின் மடங்களையும் பங்குக் கோவில்களையும் பக்திச் சபைகளையும் நம்பியே அவர் வாழ்வு நடந்தது. 1757இல் திருமணம் செய்துகொண்டார். 1761இல் மூனிக் நகரில் சொந்த வீடும் வாங்கினார். அவ்வீடு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது.

குந்தரின் கலையை மதிப்பிடுவதற்கு முன் அவர் கையாண்ட பொருளை அறிதல் வேண்டும். பளிங்கைச் செதுக்கிய இத்தாலியச் சிற்பிகளைப் போல அவர் கல்லில் பெயர் பெற்றவர் அல்லர். லிண்டன் மரமே அவருடைய கருவூலம். மென்மையும் சீரான இழையும் கொண்ட அம்மரம் கூரிய உளிக்கு எப்பக்கமும் இசைந்து கொடுக்கும். மரம் காயுங்கால் வெடிக்காதிருக்கப் பெரிய உருவங்களின் பின்புறத்தைக் குடைந்து எடுத்துவிடுவர். செதுக்கிய பின்னர், சுண்ணப்பொடியும் பசையும் கலந்த வெண்பூச்சைப் பல அடுக்காகத் தடவி, அதன்மேல் வண்ணமும் பொன்தகடும் வெள்ளித்தகடும் ஏற்றுவர். இவ்வண்ணப்பணி சிற்பிக்கு உரியதன்று. அதற்கெனத் தனித் தொழிலாளர் இருந்தனர். செதுக்கியவர் ஒருவர், வண்ணம் தீட்டியவர் ஒருவர் என்றால் படைப்பு யாருடையது? இக்காலத்தவர்க்கு இது பெரிய சிக்கலாகத் தோன்றும். அக்காலத்தவர் இதனைப் பொருட்படுத்தவில்லை.

எனினும், குந்தரின் உளி தன் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்பதே குறிப்பிடத்தக்கது. அவர் செதுக்கிய ஆடையை உற்று நோக்குக. துணி இயல்பாக விழுந்து மடியும் வளைவுகளை அவர் பின்பற்றுவதில்லை. அகன்ற தட்டையான பரப்புகளாக ஆடையை வெட்டுகின்றார். இரு பரப்புகள் கூடும் இடத்தில் கத்திமுனை போன்ற வரம்பு எழுகின்றது. பட்டை தீட்டிய மணியின் முகங்களைப் போல் அவை அமைந்துள்ளன. சன்னலின் ஒளி ஒரு பரப்பில் தங்கி, வரம்பில் முறிந்து, அடுத்த பரப்பில் நிழலாகின்றது. அதன்மேல் எத்தனை அடுக்குப் பூச்சு ஏறினும் அந்த வரம்பு மறைவதில்லை. அணியை அணியாகவே விடாமல் உடலின் இயக்கத்திற்கு எலும்புக்கூடாக்கிய திறம் இதுவே. கழுத்து நீண்டிருக்கும், தலை சிறியதாய் ஒருபுறம் சாய்ந்திருக்கும், இமைகள் பாதி மூடியிருக்கும். குந்தரின் உருவங்கள் பார்ப்பவனை நேரே நோக்குதல் அரிது.

அவர் புகழை நிலைநாட்டியது ரொட் அம் இன் என்னும் ஊரிலுள்ள பெனடிக்டு சபைத் துறவியரின் மடக்கோவில். யோகான் மிக்கேல் பிஷர் என்னும் கட்டடக்கலைஞர் 1759 முதல் 1763 வரை அதனைப் புதுக்கிக் கட்டினார். விதான ஓவியங்களைத் தீட்டியவர் மத்தேயுஸ் குந்தர். பெயர் ஒற்றுமை கண்டு இருவரையும் உறவினர் என மாணாக்கர் மயங்குதல் கூடாது. இருவருக்கும் உறவு இல்லை. இக்கோவிலின் தலைமைப் பீடத்தில் பேரரசர் இரண்டாம் என்றியும் அவர் துணைவி குனிகுந்தாவும் புனிதர்களாக நிற்கின்றனர். குனிகுந்தாவின் உருவத்தைக் கண்டோர் எளிதில் மறவார். அரசவைப் பெண்ணின் உயர்ந்த உடை, நிமிர்ந்த கழுத்து, எவரையும் பொருட்படுத்தாதது போன்ற முகத் திருப்பம். இவள் புனிதையா, செருக்குற்ற சீமாட்டியா என்னும் ஐயம் எழுவது இயல்பே. குந்தரைக் குறை கூறுவோர் முதலில் சுட்டுவதும் இவ்வுருவத்தையே.

குனிகுந்தாவின் வரலாற்றை நினைவிற்கொண்டு நோக்கினால் அச்செருக்கிற்கு வேறு பொருள் தோன்றும். கற்பின்மேல் பழி சுமத்தப்பட்ட அவ்வரசி, பழுக்கக் காய்ச்சிய கொழுமுனைகளின்மேல் வெறுங்காலோடு நடந்து தன் தூய்மையை மெய்ப்பித்தாள் என்பது மரபுக்கதை. பழிக்கு ஆளாகி அதனைக் கடந்தவளின் நிமிர்வு அது. தொல்காப்பியர் மெய்ப்பாடுகளுள் ஒன்றாகப் பெருமிதத்தை வைத்தார்; செருக்கும் பெருமிதமும் உடலில் தோன்றும் வகையால் மிக நெருங்கியவை. அவற்றைப் பிரிப்பது உள்ளே இருக்கும் காரணம் ஒன்றே. குந்தர் காரணத்தை எழுதிக் காட்டவில்லை. கதையை அறிந்த அடியார் அறிந்துகொள்வர் என்று விட்டுவிட்டார்.

ஆயினும், குந்தர் எங்கும் வென்றார் என்று கூறுதல் திறனாய்வு ஆகாது. அதே கோவிலில் உழவரான புனித இசிதோரும் வேலைக்காரப் பெண்ணான புனித நொட்புர்காவும் உள்ளனர். நொட்புர்கா திரோல் நாட்டுப் பண்ணை ஒன்றில் கூலிக்கு உழைத்தவள் என்பர். ஞாயிறு திருநாளுக்கு முந்திய மாலையில் மணி ஒலித்த பின்னும் அறுவடை செய்யுமாறு பண்ணைக்காரன் வற்புறுத்த, அவள் தன் அரிவாளை வானில் தூக்கிவிட அது அங்கேயே தொங்கிற்றாம். தொழிலாளியின் ஓய்வுரிமையை இதைவிட அழகாகச் சொன்ன கதை அரிது. குந்தரின் நொட்புர்காவிடம் எழிலும் இனிமையும் உண்டு; இவள் வெயிலில் கதிர் அறுத்தவள் என்று நம்புவதுதான் கடினம். அரசிக்குப் பொருந்திய நளினம் கூலிப்பெண்ணுக்கு முழுமையாகப் பொருந்தவில்லை. உழவர்கள் தம் குலத்துப் புனிதையை அரசியின் அழகோடு காண விரும்பினர் என்று இதற்கு விடை கூறலாம். அவ்விடையில் ஓரளவு உண்மை உண்டு. ஏழைக்கும் பொன்னாடை போர்த்தும் அன்பு அதில் இருக்கின்றது. ஆனால், உழைத்த கையின் காய்ப்பை மறைத்துவிடும் அன்பு அது. குந்தரின் கலைக்குரிய எல்லை இங்கே தெரிகின்றது.

வையார்ன் என்னும் ஊரிலுள்ள அகுஸ்தீன் சபை மடக்கோவிலுக்கு அவர் 1764ஆம் ஆண்டு செய்தளித்தவற்றுள் மங்களவார்த்தைச் சுரூபமும் வியாகுல மாதா சுரூபமும் தலைசிறந்தவை. இவை பீடத்தில் நிலையாக நிறுத்துதற்குச் செய்யப்பட்டவை அல்ல. திருநாட்களில் பக்திச் சபையார் தோளில் சுமந்து வீதிவழியே பவனி கொண்டு செல்வதற்காக அமைந்தவை. இச்செய்தியை மறந்துவிட்டு இவற்றைத் திறனாய்தல் இயலாது. தூக்கிச் செல்லும் உருவத்திற்குப் பின்புறம் என்று ஒன்றில்லை. எப்பக்கம் நின்று பார்ப்பவனுக்கும் அது பொருள் தர வேண்டும். சுமப்பவர் அடிவைக்கும்போதெல்லாம் அது சற்றே அசையும். மேகத்தின்மேல் வந்திறங்கும் கபிரியேல் தூதரும் மண்டியிட்ட கன்னி மரியாளும் அவ்வசைவிற்கென்றே படைக்கப்பட்டவர் போலத் தோன்றுகின்றனர். தூதரின் உடல் முழுவதும் வருகையின் வேகம். மரியாளின் உடல் முழுவதும் அவ்வேகத்தை ஏற்று அடங்கும் பணிவு. இருவரும் தொட்டுக்கொள்வதில்லை. இடையே உள்ள வெற்றிடம் மரத்தால் செய்யப்படாதது. ஆனால், சுரூபத்தின் மிக முக்கியமான பகுதி அதுவே. சொல் ஒன்று ஒருவர் வாயிலிருந்து மற்றொருவர் உள்ளத்திற்குக் கடந்து செல்லும் வழி அது. தூதரின் சிறகுகளும் பொன்னாடையின் முறிவுகளும் மேகச் சுருள்களும் ஆகிய அணிகள் அனைத்தும் அந்த வெற்றிடத்தை நோக்கியே சாய்கின்றன. அவற்றுள் ஒன்றை எடுத்துவிட்டாலும் அமைப்பு முழுவதும் சரிந்துவிடும். எடுத்துவிடக்கூடிய அணிதான் மிகை. எடுக்க இயலாத அணி உறுப்பு.

1763இல் மூனிக் நகரில் அவர் செய்த காவல் தூதர் சுரூபம் இன்று அந்நகரத்துப் பியூர்கர்சால் கோவிலில் உள்ளது. சிறுவனின் கைபற்றி நடத்திச் செல்லும் தூதர் ஓங்கிய நடையுடையவர். மிகுதியாகப் புகழப்பெற்ற படைப்பு இது. இனிமை சற்றே மிஞ்சியது என்பாரை மறுக்க முடியாது. பிரைசிங் அருகில் நொய்ஸ்டிப்ட், மல்லர்ஸ்டோர்ப், ஸ்டார்ன்பர்க் முதலிய ஊர்களிலும் அவர் அமைத்த பீடங்கள் உள்ளன.

இதற்கிடையில் காலத்தின் சுவை மாறிக்கொண்டிருந்தது. ஜெர்மானிய அறிஞர் விங்கல்மன் 1755இல் வெளியிட்ட நூலில் கிரேக்கக் கலையின் எளிமையையும் அமைதியான பெருமையையும் போற்றினார். அக்கருத்து மெல்லப் பரவியது. குந்தருக்கு இசைவளித்த அதே கோமகன் 1770இல் ஆணை ஒன்று பிறப்பித்தார். தேவாலயங்களில் தேவையற்ற சுதை வேலைப்பாடுகளையும் நகைப்பிற்கிடமான அலங்காரங்களையும் விலக்கி, தூய எளிய முறையில் கட்டுதல் வேண்டும் என்பது அதன் சாரம். நாற்பத்தைந்தாம் வயதில் இருந்த சிற்பிக்கு, தம் கைத்தொழில் முழுவதும் காலம் கடந்தது என்று அரசாணையே அறிவித்துவிட்ட நிலை அது. இளமையில் கற்ற பாடத்திட்டம் ஒரே நாளில் பழங்கணக்காகிவிட்ட ஆசிரியரின் நிலையும் இத்தகையதே.

அவ்வாணைக்கு நான்காண்டுகளுக்குப் பின், 1774இல், குந்தர் தம் இறுதிப் பெரும்படைப்பைச் செய்தார். சுவாபிய நாட்டில் நென்னிங்கன் என்னும் சிற்றூரின் கல்லறைச் சிற்றாலயத்திற்காக, ரெக்பர்க் குடும்பத்துக் கோமானின் வேண்டுகோளுக்கு இணங்க அமைந்த வியாகுல மாதா சுரூபம் அது. அவர் தம் பெயரையும் ஆண்டையும் அதில் பொறித்தார். இறந்த மகனை மடியில் ஏந்திய தாயின் உருவத்தை அவர் செய்தது முதன்முறையன்று. 1758இல் கிர்க்ஐசல்பிங் ஊருக்குச் செய்தார். 1764இல் வையார்னுக்குச் செய்தார். பதினாறு ஆண்டு இடைவெளியில் ஒரே பொருளை மும்முறை எடுத்துக்கொண்ட சிற்பி மூன்றாம் முறையில் எதனைக் கண்டார்?

நென்னிங்கனில் இயேசுவின் உடல் தாயின் மடியில் கிடக்கவில்லை, மடியிலிருந்து சரிகின்றது. நீண்ட வெளிறிய உடல் குறுக்காக இறங்கித் தரையை நோக்கி வழுக்குகின்றது. தாய் அதனை நிறுத்த முயல்வதாகத் தெரியவில்லை. வானத்தை நோக்கிக் கதறவும் இல்லை. பார்ப்பவனிடம் இரக்கம் வேண்டவும் இல்லை. மகனின் முகத்தை நோக்கிக் குனிந்திருக்கின்றாள். அவ்விருவருக்கு இடையே மூன்றாமவர் எவருக்கும் இடமில்லை. தேற்றும் தேவதூதர் இல்லை, மேகச் சுருள் இல்லை, பொன்னொளிக் கதிர் இல்லை. அழுகை என்னும் மெய்ப்பாடு அழாத முகத்தில் தோன்றுகின்றது.

இச்சுரூபத்தைக் கண்ட அறிஞர் சிலர், குந்தர் இறுதியில் ரொக்கோக்கோவைக் கைவிட்டுப் புதிய எளிமைக் கொள்கைக்கு மாறிவிட்டார் என்பர். இக்கருத்து ஏற்கத்தக்கதன்று. புதிய கொள்கை வேண்டியது சமநிலை. இங்கே சமநிலை குலைந்திருக்கின்றது. புதிய கொள்கை வேண்டியது ஓய்வுற்ற உடல். இங்கே இறந்த உடலும் இயங்குகின்றது. ஆடையின் கத்தி வரம்புகள் முன்போலவே உள்ளன; குறுக்கே ஓடும் கோடுகள் முன்போலவே உள்ளன; நீண்ட உறுப்புகளும் சாய்ந்த தலையும் முன்போலவே உள்ளன. மங்களவார்த்தையில் தூதரை மேலிருந்து இறக்கிய அதே இயக்கமே இங்கே மகனை மடியிலிருந்து இறக்குகின்றது. விலகியவை கருவிக்குப் புறத்தே இருந்த துணைப்பொருள்கள் மட்டுமே, கருவி மாறவில்லை. அரசாணை அலங்காரத்தை விலக்கச் சொன்னது, குந்தரோ துயரத்திற்கு வேண்டாததை மட்டும் விலக்கினார். இரண்டும் ஒன்றாகத் தோன்றலாம், ஒன்றல்ல.

அடுத்த ஆண்டு, 1775 ஜூன் மாத இறுதியில், குந்தர் மூனிக்கில் காலமானார். அப்போது அவருக்கு ஐம்பது வயதும் நிறைவுறவில்லை. ஆசிரியர் ஸ்ட்ராப் மாணாக்கருக்குப் பின்னும் ஒன்பதாண்டுகள் வாழ்ந்து 1784இல் மறைந்தார்.

பின்வந்த தலைமுறையினர் குந்தரை மறந்தனர். ரொக்கோக்கோ என்ற சொல்லே பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் வசைச்சொல்லாக வழங்கிற்று. 1803இல் பவேரிய அரசு துறவியர் மடங்களைக் கலைத்து உடைமைகளைக் கைப்பற்றியது. ரொட் மடமும் வையார்ன் மடமும் அதில் முடிவுற்றன. கோவில்கள் இரண்டும் பங்குக் கோவில்களாகப் பிழைத்தமையால் சுரூபங்களும் பிழைத்தன. எல்லாக் கோவில்களுக்கும் அந்நல்லூழ் வாய்க்கவில்லை. பீடங்கள் பிரிக்கப்பட்டன; உருவங்கள் கைமாறின. 1920இல் அடோல்ப் பொய்ல்னர் என்னும் அறிஞர் குந்தரைப் பற்றித் தனிநூல் எழுதி வெளியிட்டார். அதன்பின்னரே அவர் பெயர் கலை வரலாற்றில் உரிய இடம்பெறத் தொடங்கியது.

நென்னிங்கன் தாய் இன்றும் அதே சிற்றாலயத்தில் கல்லறைகளின் நடுவே இருக்கின்றாள். குந்தரின் வேறு சில உருவங்கள் மூனிக் நகரத்துப் பவேரிய தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளன. அங்கே நல்ல விளக்கொளி உண்டு. மிக அருகில் சென்று உளியின் தடத்தையும் காணலாம், மாணாக்கருக்கு அது பெரும்பேறே. ஆனால், பீடத்தின் உயரத்திலிருந்து கீழே நிற்கும் அடியாரைக் கருதிச் செதுக்கிய சாய்வுகளும் ஒருபுறம் திரும்பிய கழுத்துகளும் தாழ்ந்த இமைகளும் அங்கே கண்மட்டத்தில் நிற்கின்றன. தலை எதனை நோக்கிச் சாய்ந்ததோ அந்தப் பீடம் அருகில் இல்லை.